சூடேறும் இருக்கை: ஒரு பழைய காரின் பழுது



சித்திரை, வைகாசி மாதங்களில் சாணார்பட்டிக் கடைவீதியில், வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தவர் எவரும், இருக்கையைச் சூடாக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு என்று கேட்டால் நகைப்பர். துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் அமர்வதே நம் ஊர் வழக்கம். எனினும் இம்மாதம் அக்கருவியைப் பற்றியே எழுதத் துணிந்தோம். காரணம் உண்டு. நம் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பிழைக்கின்றனர். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் அங்கே செல்கின்றனர். மகப்பேறு பனிக்காலத்தில் நேர்ந்தால் பனிக்காலத்திலேயே சென்றாக வேண்டும்.

அவ்வாறு சென்று திரும்பியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 70-ஐத் தாண்டியவர். 20 ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து உண்பவர். டொராண்டோ நகரில் அவருடைய மகன் வைத்திருப்பது பலர் கைமாறி வந்த பழைய கார். சனவரி மாதத்தில் ஒருநாள் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணப் புறப்பட்டனர். ஒரு வழிக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். "உங்கள் இருக்கை சரியாகச் சூடாவதில்லை அப்பா. ஏதோ ஓர் இடத்தில்தான் கொஞ்சம் சூடு தெரியும். இருந்தாலும் போட்டு வைக்கிறேன்" என்று கூறி மகன் சுவிட்சை அழுத்தியிருக்கிறார். போகவும் வரவும் 3 மணி நேரத்துக்குமேல் ஆசிரியர் அதில் அமர்ந்திருந்தார். யாதொன்றும் உணரவில்லை. இரவில் உடை மாற்றும்போது அவருடைய துணைவியாரே தொடையின் பின்புறத்தில் கொப்புளம் உடைந்து ஈரமாயிருப்பதைக் கண்டார். அப்புண் ஆற 4 மாதங்கள் ஆயின.

ஊர் திரும்பியபின் அவர் நம்மிடம் வந்து கேட்டது இது: "சாமி, புகை இல்லை. கருகின நாற்றம் இல்லை. பியூஸும் போகவில்லை. சரியாகச் சூடாகாத இருக்கை எப்படிச் சுடும்?"

கேள்வி நம்மைச் சில நாள் விடவில்லை. திண்டுக்கல்லில் நமக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றோம். அம்பாசடர் கார்களின் ஒயரிங்கிலேயே தலை நரைத்தவர் அவர். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இன்றும் ஒன்றிரண்டு அவர் பட்டறை வாசலுக்கு வந்து சேருகின்றன. சூடேறும் இருக்கையை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. ஆயினும் நாம் விவரத்தைச் சொல்லி முடிக்குமுன்னரே மூன்று கேள்விகள் கேட்டார்: "ரெண்டு சீட்டும் சூடாகலையா, ஒண்ணு மட்டுமா? சுத்தமாச் சூடு இல்லையா, பாதிச் சூடா? எப்பவுமே அப்படியா, சீட்டை முன்னப் பின்ன நகர்த்தினா மட்டுமா?" தொழில் தெரிந்த மருத்துவர் நாடியைத் தொடுமுன் கேட்கும் கேள்விகளை இவை ஒத்திருந்தன. பொருளைப் பாராமலே பழுதின் இருப்பிடத்தைப் பாதியளவு அறிந்துகொள்ள இவை போதும் என்பதைப் பின்னர் கண்டோம்.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம். இருக்கையின் மேலுறைக்கும் அதனடியில் உள்ள பஞ்சுக்கும் நடுவே மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அதில் மின்தடைக் கம்பி பாம்புபோல் வளைந்து வளைந்து தைக்கப்பட்டிருக்கும். சில கார்களில் கம்பிக்குப் பதிலாகக் கரியிழை இருக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியினுள் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது, அளவுதான் சிறிது. கார் பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட். ஓர் இருக்கை 60 வாட் இழுப்பதாகக் கொண்டால் 5 ஆம்பியர் மின்சாரம் ஓடும். அப்படியானால் கம்பியின் மின்தடை 2.4 ஓம். பள்ளியில் படித்த ஓம் விதி இவ்வளவுக்குப் போதும். விரிப்பில் ஏதேனும் ஓரிடத்தில் வெப்பத்தை அறியும் சிறு உறுப்பு ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். போதிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது அதன் வேலை. இந்த "ஏதேனும் ஓரிடத்தில்" என்னும் சொற்களை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1966-இலேயே அமெரிக்காவின் காடிலாக் கார்களில் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் ஓட்டுநர் இருக்கையில் இதனைக் காரோடு சேர்த்தே தந்தது. குளிர்நாட்டில் இது ஆடம்பரம் எனத் தள்ளிவிடவும் இயலாது. எஞ்சினின் தண்ணீர் சூடேறிய பின்னரே காரினுள் வெதுவெதுப்பான காற்று வரும். அதற்குப் பல நிமிடங்கள் செல்லும். இருக்கையோ அதற்கு முன்பே உடலுக்கு இதம் தந்துவிடும்.

இனி, எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு இருக்கைகளும் ஒருங்கே குளிர்ந்து கிடந்தால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருத்தல் வேண்டும்: பியூஸ், ரிலே, அல்லது அவற்றுக்கு வரும் ஒயர். அதற்கும் முன்பாக, அது பழுதுதானா என்று அறிதல் நன்று. பல கார்களில் எஞ்சின் ஓடினால்தான் இருக்கை சூடேறும். சிலவற்றில் சிறிது நேரத்துக்குப்பின் தானாகவே அணைந்துவிடும். இன்னும் சிலவற்றில் பேட்டரியின் அழுத்தம் குறைந்தால், முக்கியமான வேலைகளுக்கு மின்சாரம் மிஞ்சட்டும் என்று காரே இருக்கைக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். கடுங்குளிரில் பேட்டரியின் வலு வெகுவாகக் குறைவதால், இருக்கையைப் பிரித்துப் பார்த்து நாளை வீணாக்கியபின் பழுது பேட்டரியில் இருந்தது எனத் தெரியவருவதும் உண்டு.

பியூஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பியூஸ் எரிந்தால் அதே எண்ணுள்ள பியூஸைத்தான் போட வேண்டும். இக்காலப் பியூஸ்களில் எண்ணும் உண்டு, நிறமும் உண்டு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் இருக்கை வேலை செய்யும். ஒயர் உருகும் வரை வேலை செய்யும். நம் ஊரில் இதனினும் மோசமான பழக்கம் ஒன்று உண்டு. எரிந்த பியூஸின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது, அல்லது ஒயரிலிருந்து செம்புக் கம்பி ஒன்றை உருவிக் கட்டுவது. நடுவழியில் விளக்கு எரிந்தால் போதும் என்னும் அவசரத்தில் லாரி ஓட்டுநர்கள் செய்தது, வீட்டுக் கார்களுக்கும் வந்துவிட்டது. பியூஸ் எரிந்தது என்றால் அது தன் கடமையைச் செய்தது என்று பொருள். புதிதாய்ப் போட்டதும் உடனே எரிந்தால், எங்கோ ஒயரின் மேலுறை தேய்ந்து இரும்பைத் தொடுகிறது. இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் பெரும்பாலும் இத்தேய்வு காணப்படும்.

ஒரே இருக்கை குளிர்ந்திருந்தால் தேடும் இடம் சுருங்கிவிடுகிறது. இருக்கையின் அடியில் ஒயர்கள் இணையும் கப்ளர், அந்த இருக்கைக்குரிய சுவிட்ச், எர்த், விரிப்பு ஆகிய நான்கே எஞ்சுகின்றன. இருக்கையை நகர்த்தும்போது மட்டும் சூடு வந்து வந்து போனால் கப்ளரையே முதலில் ஐயுற வேண்டும்.

ஆயினும் இருக்கையின் அடியில் கைவைக்குமுன் ஓர் எச்சரிக்கை. எலக்ட்ரீஷியனும் இதனை ஒன்றுக்கு இருமுறை வற்புறுத்தினார். அங்கே மஞ்சள் நிறக் கப்ளர் அல்லது மஞ்சள் உறையிட்ட ஒயர் இருந்தால் அது காற்றுப்பைக்கோ, இருக்கைப் பட்டையை விபத்தின்போது இறுக்கும் கருவிக்கோ உரியது. அதில் மீட்டரை வைத்தலும் ஆகாது, டெஸ்ட் லேம்பை வைத்தலும் ஆகாது. அவற்றுக்குள் சிறு வெடிமருந்து உள்ளது. மீட்டரின் மின்சாரமே அதைத் தூண்டிவிடக் கூடும். எந்தக் கப்ளரையும் கழற்றுமுன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, கார் நிறுவனத்தின் கையேடு சொல்லும் நேரமளவு காத்திருக்க வேண்டும். காற்றுப்பை இருக்கையினுள்ளேயே அமைந்த கார் என்றால், மேலுறையைப் பிரிக்கும் வேலையைப் பணிமனைக்கே விட்டுவிடுவது நன்று.

எலக்ட்ரீஷியன் நமக்குச் செய்து காட்டிய சோதனை ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவரிடம் இருந்தது டெஸ்ட் லேம்ப்: ஒரு சிறு 12 வோல்ட் பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர்கள். நம் கண்முன் நின்ற பழைய காரில் ஒருபக்க விளக்கு மங்கி எரிந்தது. பல்பின் ஒரு முனையை மின்சாரம் வரும் ஒயரிலும், மறுமுனையைக் காரின் இரும்பிலும் வைத்தார். பல்பு பளிச்சென எரிந்தது. பிறகு மறுமுனையை இரும்பிலிருந்து எடுத்து, அந்த விளக்கின் எர்த் ஒயரில் வைத்தார். அணைந்தது போல் மங்கிற்று. "கரண்டு போறதுக்கு ஒரு வழி, திரும்பி வர்றதுக்கு ஒரு வழி, சாமி. போற வழியை எல்லாரும் பாக்குறாங்க, வர்ற வழியை யாரும் பாக்குறதில்லை" என்றார். துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கினார்; விளக்கு ஒளிர்ந்தது. இருக்கைக்கும் இச்சோதனை அப்படியே பொருந்தும். பனிநாடுகளில் சாலையின் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். அந்த உப்பு நீர் காலணிகளோடு காரினுள் வந்து தரைவிரிப்பின் அடியில் தங்கி, அங்குள்ள எர்த் இணைப்பை அரிக்கிறது. பழைய காருக்கு இந்த நோய் வருவது இயல்பு.

மின்சாரமும் எர்த்தும் சரியாக வந்தும் இருக்கை குளிர்ந்தே கிடந்தால் விரிப்பைச் சோதிக்க வேண்டியதுதான். வெப்பக் கம்பிக்குரிய கப்ளரைக் கழற்றி, விரிப்பின் பக்கம் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்கலாம். சில ஓம்கள் காட்டினால் கம்பி முழுமையாக உள்ளது; எண்ணே காட்டாவிடில் எங்கோ அறுந்துவிட்டது. சரியான எண் எது என்று தெரியாவிட்டால், நன்றாக வேலை செய்யும் பக்கத்து இருக்கையை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். உட்காரும் பகுதி சூடேறி முதுகுப் பகுதி மட்டும் குளிர்ந்தால், முதுகு விரிப்பு ஒன்றே பழுது. கம்பி அறுவதற்குப் பெருங்காரணம் முழங்கால். பின் இருக்கையில் உள்ள குழந்தைக்கு வார் மாட்டுவதற்காக முன் இருக்கையில் முழங்காலை ஊன்றி ஏறுகிறோம் அல்லவா? உடலின் பாரமெல்லாம் ஒரு சாணளவு இடத்தில் இறங்குகிறது. அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பதும் அவ்வாறே.

இதுகாறும் சொன்னது சூடேறாத இருக்கையைப் பற்றி. சூடேறாத இருக்கையால் குளிர் ஒன்றே கேடு, போர்த்திக்கொண்டு போய்விடலாம். ஆசிரியரின் மகனுடைய காரில் இருந்தது இதுவன்று. எலக்ட்ரீஷியனின் இரண்டாம் கேள்விதான் அங்கே பொருந்தும்: சுத்தமாகச் சூடு இல்லையா, பாதிச் சூடா? அந்தப் பாதிச் சூடே ஆபத்தானது.

வெப்பக் கம்பி பெரும்பாலும் ஒற்றைக் கம்பி அன்று. மெல்லிய இழைகள் பல சேர்ந்தது. முழங்கால் பட்டு, மடங்கி, ஓரிடத்தில் பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் எஞ்சுகின்றன என்று கொள்வோம். கம்பி முழுவதும் ஓடும் அதே மின்சாரம் அந்த ஒன்றிரண்டு இழைகளின் வழியே நுழைந்து செல்ல வேண்டும். தேர்த் திருவிழா முடிந்து கூட்டம் வெளியேறும்போது வாயிலின் ஒரு கதவு மூடிக் கிடந்தால் என்ன நேரும்? கூட்டம் மெதுவாகத்தான் நகரும். ஆயினும் நசுங்குவது அந்த வாயிலில் நிற்பவரே. அவ்வாறே கம்பி முழுவதிலும் சூடு குறைந்து, பழுதான அந்த ஒரு புள்ளியில் மட்டும் கூடிவிடுகிறது. மொத்த மின்சாரம் அளவுக்கு மீறாததால் பியூஸ் எரிவதில்லை. வெப்பத்தை அறியும் உறுப்போ வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ச்சியாகவே உள்ளதால் மின்சாரத்தை நிறுத்தாமல் மேலும் மேலும் ஓடவிடுகிறது. விரிப்பு சுருங்கி மடிந்து, கம்பியின்மேல் கம்பி படிந்தாலும் இதே விளைவுதான். "சரியாகச் சூடாகாத இருக்கை எப்படிச் சுடும்" என்ற ஆசிரியரின் கேள்விக்கு விடை இதுவே. சரியாகச் சூடாகாமற் போனதும், அவரைச் சுட்டதும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள்.

ஆனால் நலமுள்ள ஒருவர் அதில் அமர்ந்திருந்தால் சில நிமிடங்களில் துள்ளி எழுந்திருப்பார். ஆசிரியர் ஏன் எழவில்லை? நீண்டகால நீரிழிவு நரம்புகளைக் கெடுத்துத் தோலை மரக்கச் செய்கிறது. பாதத்தில் தொடங்கும் இம்மரமரப்பு மேலேறுவதும் உண்டு. பக்கவாதத்தாலோ முதுகுத் தண்டில் பட்ட அடியாலோ உணர்ச்சி இழந்தவர்களின் நிலையும் இதுவே. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடி. ஆசிரியருக்கு நேர்ந்ததை அரிதான ஒன்றென்று ஒதுக்க இயலாது.

தோல் சுடுவதற்குக் கொதிக்கும் வெப்பம் வேண்டியதில்லை. 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்றிக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் மருத்துவர்களுக்கு அடிப்படையாய் உள்ளன. 44 செல்சியஸ் பாகைச் சூடு 6 மணி நேரமளவில் தோலைச் சுடும்; 49 பாகையாயின் 10 நிமிடத்துக்குள்ளேயே சுட்டுவிடும். கைக்கு இதமாகத் தோன்றும் சூட்டுக்கும் புண்ணாக்கும் சூட்டுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவு குறுகியது. 2011-இல் அமெரிக்காவில் தீக்காய மருத்துவர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டு, இருக்கைச் சூட்டுக்கு உச்சவரம்பும், தானே அணையும் அமைப்பும் கேட்டனர். உணர்ச்சியற்றவர்கள் பலர் சுட்டுக்கொண்டதே அவர்களை அவ்வாறு கேட்கத் தூண்டிற்று.

ஆகவே, பழைய கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதனை எழுதட்டும். புறப்படுமுன் இருக்கையை உயர்ந்த அளவில் 10 நிமிடம் ஓடவிட்டு, நல்ல உணர்ச்சியுள்ள ஒருவர் உள்ளங்கையை மெதுவாக இருக்கை முழுவதும், சிறப்பாக ஓரங்களிலும் மடிப்பிலும் நகர்த்திப் பார்க்க வேண்டும். தொடாமலே அளக்கும் வெப்பமானி கிடைத்தால் இன்னும் நலம். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடத் தெளிவாகச் சுட்டால் சுவிட்சை அணைப்பது போதாது. எவரேனும் தவறி அழுத்திவிடுவர். அந்தப் பியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்குமுன் அதே பியூஸில் வேறு ஏதும் ஓடுகிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அறுந்த இழைகளை முறுக்கி ஒட்டுப்போடுவதை எலக்ட்ரீஷியன் அறவே ஏற்கவில்லை. ஒட்டுப்போட்ட இடமே அடுத்த சூட்டிடம் ஆகும் என்றார். விரிப்பையே மாற்ற வேண்டும். அல்லது சூடில்லாத இருக்கையோடு வாழ வேண்டும்.

நம் முதியோரிடம் உள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். குளிர்கிறதே என்று சால்வையை மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் அமர்கின்றனர். சூடேறும் இருக்கையில் இது ஆகாது. வெப்பம் வெளியேற வழியின்றிச் சால்வைக்கு அடியிலேயே தங்கிப் பெருகும். சால்வையைத் தோளில் போர்த்துக்கொள்ளட்டும். சுட்டுவிட்டது எனக் கண்டால் உடனே 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். பனிக்கட்டியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், மையும் வேண்டாம். நீரிழிவு உள்ளவராயின் புண் எவ்வளவு சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

"நம் வீட்டில் காரும் இல்லை, கனடாவில் பிள்ளையும் இல்லை" என்போர் இத்துடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இடுப்பு வலிக்கென்று திண்டுக்கல் மருந்துக் கடைகளில் வாங்கி வரும் மின்சார ஒத்தடப் பையினுள் இருப்பதும் இதே கம்பி, இதே வெப்பம் அறியும் உறுப்பு. அது ஓடுவது 12 வோல்ட்டில் அன்று, வீட்டு மின்சாரத்தில். மடித்துச் சுருட்டி அலமாரியில் திணித்த பை ஓராண்டில் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது வாசகரே சொல்லிவிடுவர். பாட்டிக்கு வைக்குமுன் அதனை விரித்துப் போட்டு 10 நிமிடம் ஓடவிட்டு, வீட்டிலுள்ள இளையவர் எவரேனும் முன்கையின் உட்புறத்தால் தடவிப் பார்க்கட்டும். ஓரிடம் தனித்துச் சுட்டால் பிளக்கைப் பிடுங்கி, வேறெவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி ஒயரை வெட்டிவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடலாம். நல்ல பையேயானாலும், பாட்டி அதன்மேல் படுத்து உறங்கிவிடாதபடி ஒருவர் அருகில் இருக்கட்டும்.